நடவு முடியும் வரை

திருவாரூரிலிருந்து கீழ்வேளூர் போகும் பேருந்தில், மடியில் தூங்கும் மகளோடு உட்கார்ந்திருந்தேன். பின்னிருக்கையில் ஒரு பெண் பக்கத்திலிருந்த இளையவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“நடவு முடியிற வரைக்கும் நீ உண்டாயிருக்கறத யாருகிட்டயும் சொல்லாத. ஒங்கம்மாகிட்டயும்தான். அவங்களுக்கு மைக்செட்டே வேணாம்.”

“ஐப்பசில நாலு மாசம் ஆயிடுமே அண்ணி.”

“பொடவையத் தளத்திக் கட்டு. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஒனக்குப் பதிலா வேற ஆளச் சேத்துடுவாரு. மிஷின் வந்தப்புறம் நமக்கு நடவே ஐப்பசி ஒரு மாசந்தான். கார்த்திகைல களையெடுக்கக் கூப்புட்டாப் பெருசு. மார்கழி சும்மா. தைல அறுப்புக்கும் மிஷினு.”

“போன தடவ சேத்துல குனிஞ்சி நிக்கறப்பதான அண்ணி கலைஞ்சிச்சி?”

நான் மகளை இறுக்கிக்கொண்டேன். திரும்பி ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ, தெரியவில்லை.

கீழ்வேளூருக்கு முந்தைய நிறுத்தத்தில் இருவரும் எழுந்தார்கள். அண்ணி, இளையவளிடமிருந்த அரிசி மூட்டையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். படியருகே போனதும் நின்றாள்.

“டீக்கடையில மேஸ்திரி நிக்கிறாரு.”

மூட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“சிரிச்சிக்கிட்டே எறங்கு.”