பிருந்தா டீச்சர் வீட்டுக்காரர்

எங்கள் வீட்டில் காலைக் காப்பி போடுவது நான்தான், ஐயா. பிருந்தாவுக்குப் பால் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம், இன்று காலைவரை விட்டதில்லை. நான் அவளை வெறுத்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். நான் பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள், என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். பிருந்தா நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடத்தைப் பாதியில் நிறுத்திச் சின்னதாக ஒரு கேள்வி கேட்பாள். மார்க் கிடையாது, சிவப்பு மை கிடையாது. கிணற்றுத் தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக இருக்கிற வாளி, வெளியே வந்ததும் ஏன் கனக்கிறது? இப்படி ஏதாவது. பிள்ளைகள் சொல்லும் தப்பான பதில்களை வீட்டுக்கு வந்து ஆசையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"சரியாச் சொல்லிட்டா அதுல என்னங்க இருக்கு? தப்பாச் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளை என்ன நினைக்குதுன்னு தெரியுது. அதப் பாத்துத்தான நாம அடுத்தாப்ல சொல்லிக் குடுக்கணும்?"

தொண்ணூற்றெட்டில் வண்ணார்பேட்டையில் ஷேக் மைதீன் ஓர் இன்டர்நெட் சென்டர் திறந்தார். அங்கே போய்க் கணினி பழகியவன் நான். இணையத்தில் இலவசமாக இடம் தருகிறார்கள், உன் கேள்விகளை அதில் போட்டு வைத்தால் எந்த ஊர் ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவனும் நான். இதையெல்லாம் உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு ஒரு பழைய கணினி வாங்கினேன். அவள் அடுப்படியில் நின்றபடி சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்வேன். பிளாப்பியில் ஏற்றி ஷேக் மைதீன் கடைக்குக் கொண்டுபோய் இணையத்தில் போடுவேன். கேள்வி, பிள்ளைகள் சொல்லக்கூடிய பதில்கள், ஒவ்வொரு பதிலுக்கும் ஆசிரியர் அடுத்து என்ன செய்ய வேண்டும், எல்லாம் ஒரே பக்கத்தில். விஷயம் பரவியது. உவரியிலிருந்து ஒரு டீச்சர், கட்டுமரம் ஏன் மிதக்கிறது என்று கேள்வி எழுதி அனுப்பினார். இணையம் இல்லாத ஊர்க்காரர்கள் பக்கத்து ஊரில் அச்செடுத்து, ஜெராக்ஸ் போட்டுப் பள்ளிக்குப் பள்ளி கொடுத்துக்கொண்டார்கள். யார் கேள்வி அனுப்பினார்களோ அவர்கள் பெயர் பக்கத்தின் அடியில் இருக்கும். அதற்கும் கீழே, தொகுப்பு: பிருந்தா.

"உங்க பேரையும் போடுங்கங்க" என்றாள் ஒருநாள்.

வேண்டாம் என்றேன். அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை.

அதன் பிறகு எனக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் பிருந்தா டீச்சர் வீட்டுக்காரரா?" என்று நெகிழ்ந்துபோனார். என் தலைமையாசிரியர் ஐயம்பெருமாள் ஒரு நாள் எல்லோரும் இருக்கும்போது, "ஏன் வே, உம்ம பாடத்துக்கும் டீச்சர்ட்ட சொல்லி நாலு கேள்வி வாங்கிட்டு வாருமே" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நிஜமாகவே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

அந்த வாரம்தான் பிருந்தா அமிலப் பாடத்துக்கு வந்தாள். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்தால் பாத்திரம் சுடுமா, குளிருமா? செய்து காட்டுவதற்கு முன் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

"தண்ணில அமிலத்தச் சொட்டுச் சொட்டா விடணும்னு போடுங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

நான் அமிலத்தில் தண்ணீரை என்று அடித்தேன். இரண்டு வேற்றுமை உருபுகள் இடம் மாறின, அவ்வளவுதான். பதினோராம் வகுப்புப் பையன்கூடப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவான். யாராவது விவரமானவர் பார்த்து எழுதுவார், என்ன டீச்சர் இது, அடிப்படையே தப்பாக இருக்கிறதே என்று. பிருந்தாவின் முகம் ஒரு நாள் சுருங்கும். என்னிடம் வந்து கேட்பாள். நான் திருத்திக் கொடுப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

யாரும் எழுதவில்லை. எல்லோரும் அவளை அவ்வளவு நம்பினார்கள். தினமும் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். நன்றி சொல்லித்தான் கடிதங்கள் வந்தன.

பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அதை, அருகில் வந்து பார்க்கட்டும் என்று போட்டிருந்தேன். தவறு கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே என்றுதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை தாஜ் முகம்மது வீட்டுக்கு வந்தார். களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். பிருந்தா கடைக்குப் போயிருந்தாள். அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

"நமக்குச் சரித்திரம்தான் சார் பாடம்" என்றார். "அறிவியலுக்கு ஆள் இல்லைன்னு என் தலையில கட்டிட்டாங்க. டீச்சர் புண்ணியத்துல வண்டி ஓடுது. எழுதியிருக்கதுல ஒரு எழுத்து மாத்த மாட்டேன். அப்படியே செய்யுதேன்."

பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தார்.

"திங்கக்கிழமை இதச் செய்யலாம்னு இருக்கேன். அமிலம்னதும் கொஞ்சம் பயமா இருக்கு. ஏதும் கவனிக்கணுமா சார்? நீங்க பெரிய வகுப்புக்கு எடுக்குதவுக."

தாளை வாங்கிப் படித்தேன். நிதானமாக, முழுதும் படித்தேன்.

"டீச்சர் எழுதியிருக்கிற மாதிரியே செய்யுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

இதைத் தாஜ் முகம்மது உங்களிடம் சொல்லவில்லை. டீச்சர் குடும்பத்துக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார். அவருக்கு இரண்டு கையும் வெந்துபோயிருந்தது, அப்போதும் நினைத்திருப்பார். நல்ல மனிதர்.

ஷம்ஸியா என்ற எட்டாம் வகுப்புப் பிள்ளை முன்னால் நின்றிருக்கிறாள். சுடும் என்று சொன்னவள் அவள் ஒருத்திதானாம், அதனால் மற்ற பிள்ளைகள் அவளை முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அமிலம் கொதித்துத் தெறித்தது. இடது கண் போய்விட்டது.

செய்தி வந்த அன்று பிருந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் மாத்திச் சொல்லிட்டனோங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"வேலைக்கு நடுவுல சொன்னது. நாக்குப் பிசகியிருக்கும். விடு" என்றேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். பல நாளைக்குப் பிறகு அன்று அவள் என் தோளில் சாய்ந்தாள். உண்மையைச் சொல்வதென்றால், அன்றைக்கு என் மனம் அமைதியாக இருந்தது.

அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் களக்காட்டுக்குப் போக வேண்டும் என்றாள், கூட்டிப்போனேன். பிள்ளையின் அம்மா சித்தி ஜனாபாவின் காலில் விழப் போனவளை அந்த அம்மாள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வேணும்னா செஞ்சீக? அல்லாவுக்குத் தெரியும். எம்புள்ள படுக்கையில கெடந்துக்கிட்டு இன்னமும் ஒங்க கேள்வியத்தான் சொல்லுதா. அத மட்டும் நிப்பாட்டிராதீக டீச்சர்."

பிருந்தா வாரம் தவறாமல் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ஆசிரியர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, தவறு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்றாள். அரங்கமே எழுந்து நின்றது, ஐயா. அழுதார்கள். தப்பை இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் சரிபார்த்துக் கேள்வித் தொகுப்பை மறுபடி தொடங்குவதாம், அவள்தான் முன்னின்று நடத்த வேண்டுமாம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து மனசாட்சி உறுத்துகிறது. அதனால்தான் நானே வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நேற்று அவள் கொடுத்த வாக்குமூலத்தில் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். எதில் எதை ஊற்றினால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவன், யோசித்து, தெரிந்தே செய்த காரியம் அது. அதைத் தன் காரியம் என்று சொல்லிக்கொண்டு அவள் ஊரெல்லாம் பேர் வாங்குகிறாள். அவளுக்கு அவ்வளவு வேதியியல் வராது, ஐயா.