ஒத்திகைக்கு வந்த சாட்சி

நாற்காலி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி ஒரு பக்கமாக ஆடுகிறது. ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவன் உண்மையைச் சொன்னாலும் பொய் சொல்கிற மாதிரிதான் தெரியும். ஒரு அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகினால் போதும். பரவாயில்லை, இருக்கட்டும். தொழில் புத்தி, கண்ணில் பட்டுவிடுகிறது.

என் தொழில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய பதவிக்குப் பெயர் முன்மொழியப்பட்டவர்கள் நியமனக் குழுவின் முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆளுங்கட்சிக்காரர்கள் தடவிக்கொடுத்துக் கேட்பார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் தோலை உரிப்பார்கள். அதற்கு முன்பே ஒரு தடவை உரித்து அனுப்புவது என் வேலை. நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்தெருவில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தேன். குழு அறையில் எப்படியோ அப்படியே மேசைகளை லாடம் மாதிரி போட்டு, ஓய்வுபெற்ற வக்கீல்கள் ஐந்து பேரை உறுப்பினர்களாக உட்கார வைப்பேன். வாசலில் சீருடையோடு ஒரு சேவகர், ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண், கதவில் 'நியமனக் குழு விசாரணை' என்று ஒரு பலகை. பலகை எதற்கு என்று கேட்டீர்கள். ஒத்திகை என்று தெரிந்தால் பெரிய மனிதர்கள் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். பலகையைப் பார்த்தால்தான் காலை மடக்கி நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த நீதிபதி வந்தபோது அவரை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்று ஆளுங்கட்சி முடிவு செய்திருந்தது. வெளியே ஒரே கூச்சல். குடிமக்கள் உரிமை வழக்குகளில் அவருடைய சரித்திரம் அப்படி. அவர் தீர்ப்புகளில் உரிமை முக்கியமானது என்று ஒரு வரி வரும், அடுத்த வரி தவறாமல் 'எனினும்' என்று தொடங்கும். காவல்துறை அவகாசம் கேட்டால் கேட்ட வாய் மூடுவதற்குள் கொடுப்பார். வக்கீல்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'வாய்தா'.

மற்ற வழக்குகளையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். ஒன்றுதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஒரு தெருவில் பாதிப் பேரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தேர்தல் அலுவலகத்தின் முன்னால் சிலர் உட்கார்ந்தார்கள். அவர்களைக் காவல்துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் சாயங்காலம் வீடு திரும்பினார்கள், ஒரு பையன் மட்டும் திரும்பவில்லை. அவனுடைய அக்கா இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். தம்பியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லி மனுப் போட்டார். நம்மவர் வாய்தா கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். கடைசியில், பையன் உடல்நலக் குறைவால் இறந்துவிட்டான் என்று காவல்துறை வக்கீல் சொன்னார். மனு பயனற்றதாகிவிட்டதால் முடித்துவைக்கப்படுகிறது என்று நம்மவர் உத்தரவு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த அக்காவை மனித உரிமை வக்கீல் ஒருவர் குழுவின் முன் சாட்சியாகப் போட்டிருந்தார். பொதுமக்கள் சாட்சிக்கு ஒரே ஒரு நாள்தான். அது தொலைக்காட்சியில் நேரடியாகப் போகும். அந்த அக்கா ஒருவர் போதும், நியமனம் கவிழ்ந்துவிடும் என்று ஆளுங்கட்சிக்கே பயம்.

நீதிபதியின் மச்சினர்தான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். "ரெண்டு பேர அனுப்பி அந்தம்மாகிட்ட பேசிப் பாக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். பேசுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

"அந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம் சார். யாரும் அவங்க வாசல மிதிக்கக் கூடாது" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இதோடு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், நீங்கள் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் நீதிபதியோடு பட்ட பாடு இருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது? ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அந்த வழக்கைப் பற்றிக் கேட்டால் "சட்டம் எனக்கு அனுமதித்த வரம்புக்குள் நடந்துகொண்டேன்" என்பார். அக்கா வேடத்துக்கு ஒரு நாடக நடிகையைக் கூட்டிவந்து அழவைத்தேன். அவள் அழ அழ இவர் கொட்டாவி விட்டார். "ஐயா, ஒரு வார்த்தை வருத்தம்னு சொல்லுங்க" என்றேன். வருந்துகிறேன் என்று மின்கட்டண அறிவிப்பு வாசிக்கிற மாதிரி சொன்னார். கல்லில் நார் உரிக்கலாம், அவரிடம் ஒரு பெருமூச்சு வாங்க முடியவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இத்தனை வருடத்தில் என் கையில் ஒருவரும் தோற்றதில்லை.

அப்படியிருந்த ஒரு மத்தியானம் சேவகர் உள்ளே வந்தார். "சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. சாட்சின்னு சொல்றாங்க. நாடகத்துக்குப் புது ஆளா?"

அவருக்குப் பின்னால் துணிப்பையோடு ஒரு பெண் நின்றார். பெயரைச் சொன்னார். ஒரு வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்த பெயர்.

"அடுத்த வாரம்தான் சார் வரச் சொல்லியிருக்காங்க. எந்த பஸ்ஸு, எந்த வாசல்னு பாத்து வெச்சுக்கலாமேன்னு வந்தேன். வெளிய பலகையப் பாத்தேன். இன்னைக்கேவா?"

அடுத்த வாரம்தான், முன்தெரு வாசல் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கு நாம் இருவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.

"இன்னைக்கேதாம்மா. வாங்க, உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கோம்" என்றேன். பின்பாதி பொய்யில்லை.

"வக்கீல் சார் வரலியே?"

"அவர்கிட்ட நாங்க சொல்லிக்கிறோம். ஒண்ணே ஒண்ணும்மா, உள்ள நடக்கிறத முடிவு வர்ற வரைக்கும் வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சட்டம்."

சரி என்று தலையாட்டினார். நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்தேன், தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். உண்மையான குழுவில் அவருக்குப் பத்து நிமிடம்தான் கிடைத்திருக்கும், நடுவில் யாராவது மணி அடித்திருப்பார்கள்.

அவர் பேசினார். சத்தம் போடவில்லை, அழவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தம்பியின் சட்டை ஒன்றைத் தேய்த்து எடுத்துப் போனாராம். இன்றைக்குக் கொண்டுவருவார்கள், நீதிபதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார், கசங்கின சட்டையோடு பஸ்ஸில் வந்தால் நன்றாக இருக்காது என்று. இது வழக்குக் கட்டில் எங்கேயும் இல்லாத விஷயம். அதைக் கேட்டதும் நீதிபதி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். இவர் நடிகை இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்றைக்கு அவர் அப்படி ஒரு நாளே இல்லை என்கிறார்.

அவருடைய பதில் அப்போதும் சரியாக வரவில்லை. பழையபடி சட்டம், வரம்பு. நான் அந்த அம்மாவிடம், "உறுப்பினர்களுக்குச் சரியா காதுல விழலம்மா, முதல்லேர்ந்து ஒரு தடவ சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். சொன்னார். இரண்டாவது தடவை நீதிபதி கீழே பார்த்துக்கொண்டே பேசினார். போய்க் காதில் சொன்னேன், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று. மூன்றாவது தடவை கைக்குட்டையை எடுத்துவிட்டார். அது இன்னும் மோசம், முதலைக் கண்ணீர் என்று எதிர்க்கட்சிக்காரன் அடுத்த நிமிடமே சொல்லியிருப்பான். அந்த அம்மாவிடம் மறுபடியும் கேட்டேன்.

"எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன் சார். இத்தன வருஷமா யாரு கேட்டா?" என்றார்.

நான்காவது தடவை, பிணவறையில் தம்பிக்கு அந்தச் சட்டையைப் போட்டுவிட முடியாமல் மேலே விரித்துவிட்டு வந்ததைச் சொல்லும்போது அவர் மடியிலிருந்த துணிப்பையைச் சட்டை மாதிரி நீவிவிட்டார். நீதிபதி கையிலிருந்த காகிதத்தை மூடிவைத்தார். பிறகு மெதுவாக, "அந்த அவகாசத்த நான் குடுத்திருக்கக் கூடாதும்மா. அது என் தப்பு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவ்வளவுதான், வந்துவிட்டது.

அந்த அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். "இது போதும்யா. இதக் கேக்கத்தான் வந்தேன்."

மறுபடி வர வேண்டுமா என்று வாசலில் கேட்டார். வேண்டாம், முடிந்தது என்றேன். பஸ் ஏற்றிவிடச் சேவகரைக் கூட அனுப்பினேன். உள்ளே வந்தால் வக்கீல்கள் ஐந்து பேரும் கை கொடுக்கிறார்கள். "முந்தி வந்தவ மாதிரி இல்ல, இவ பிரமாதம். எங்கேய்யா புடிச்ச?" என்றார் ஒருவர். நான் சிரித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். சந்தோஷத்தை வேறு யாரிடம் சொல்வது? அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னங்க, அந்தம்மாகிட்ட இது நெஜம் இல்லன்னு யாரு சொல்லப் போறா?"

"எதுக்குச் சொல்லணும்? மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சாங்க, கேட்டாச்சு. நிம்மதியாப் போனாங்க. அந்த நிம்மதியக் கெடுக்கச் சொல்றியா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கே புரியவைக்க முடியவில்லை, உங்களுக்கு எங்கே புரியவைப்பது?

சாட்சி நாளன்று குழு அறையில் அந்த அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டு, ஆஜராகவில்லை என்று பதிவு செய்தார்கள். மனித உரிமை வக்கீல் எழுந்து கொஞ்சம் அவகாசம் கேட்டார். வழியில்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். அந்த வக்கீலுக்குத் தலைக்கு மேல் வேலை. முதல் நாள் சாயங்காலம் ஒரே ஒரு போன் செய்து கேட்டிருந்தால் என் திட்டம் தவிடுபொடியாகியிருக்கும். அவர் செய்யாததை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. பிறகு நீதிபதியைக் கேட்டார்கள். காலியாக இருந்த அந்த நாற்காலியைப் பார்த்தபடி அவர் கையிலிருந்த காகிதத்தை மூடிவைத்தார். பிறகு அதே வார்த்தைகள், அதே குரல். நாடே பார்த்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதிர்க்கட்சியிலேயே இரண்டு பேர் அவருக்கு வாக்களித்தார்கள்.

அந்த அம்மாவின் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தம்பியை விற்றுவிட்டாள், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டாள் என்றார்களாம். போன வாரமே போய்ச் சொல்லிவிட்டேன் என்று இவர் சொல்ல, புத்தி பிசகிவிட்டது என்று அந்த வக்கீலே திரும்பிப் போய்விட்டாராம். பலன் இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. வருத்தம்தான். ஆனால் ஊர் வாயை மூட நான் யார்?

அவர் கூடத்துக்கும் வந்தார். நான் என் மேசை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ மெத்தை விற்பனைக்குக் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். மெத்தைகளுக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"சார், அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் எங்க இருக்கு?"

"மேலிடத்துக்கு அனுப்பியாச்சும்மா" என்றேன். தட்டச்சுப் பெண்ணின் இயந்திரத்தில் மை இருந்ததில்லை, அது சும்மா சத்தத்துக்காக வைத்தது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெத்தைகளுக்கு நடுவில் வழி பார்த்துப் போய்விட்டார்.

இதையெல்லாம் நானாக வந்து ஏன் சொல்கிறேன் என்று முதல் நாளே கேட்டீர்கள். பதவியேற்பு அன்று நீதிபதி மேடையில் நன்றி சொன்னார். பள்ளி ஆசிரியருக்கு, மனைவிக்கு, மச்சினருக்கு, வண்டி ஓட்டுகிறவருக்குக்கூட. மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அடுத்து வந்த நியமனத்தை வேறு ஒரு ஒத்திகைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏறின ஏணியை எட்டி உதைப்பது என்பார்கள், உதைபடும்போதுதான் அது என்னவென்று தெரிகிறது. அந்த நீதிபதி நாட்டுக்குக் காட்டிய ஒரே மனிதத்தன்மை என் கையால் செய்தது. அது எங்கேயாவது பதிவாக வேண்டும்.

ஆமாம், செய்தேன். அறிந்துதான் செய்தேன். ஒரு பெண்ணின் சாட்சியத்தை ஆளில்லாத இடத்தில் சொல்லவைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்வது? ஆனால் நீதிபதி மறுக்கிறார், வக்கீல்கள் நடிகை என்றுதான் நினைத்தோம் என்கிறார்கள், என் வார்த்தை மட்டும் போதாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனுக்கே சாட்சி தேட வேண்டியிருக்கிறது.

இரண்டு தடவை அந்த அம்மாவின் கடைக்குப் போனீர்களாம். "இதாவது நெசமான விசாரணன்னு நான் எப்படி சார் நம்புறது?" என்று கேட்டுவிட்டு அவர் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். உங்கள் அடையாள அட்டையைக் காட்டியும் அசையவில்லையாம். அசைய மாட்டார். உங்களுக்கு அவரைத் தெரியாது, எப்படிக் கேட்க வேண்டும் என்றும் தெரியாது. அடுத்த தடவை போகும்போது என்னையும் அழைத்துப் போங்கள். நான் சொன்னால் அவர் நம்புவார்.