பருத்த குளோரைடு

மேற்கண்ட முகவரியில் வசிக்கும் எனக்கு வயது நாற்பத்தாறு. வாசனைப்பொருள் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் தலைமை வேதியியலராக இருக்கிறேன். புகார் கொடுத்தவர் என் மனைவி. காயம்பட்டவன் அவளுடைய தம்பி. என் சிபாரிசில்தான் கூடத்தில் சேர்ந்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சேர்ந்த புதிதில் மேலாளர் முன்னால் என் கணக்கு ஒன்றைத் திருத்தினான். மேலாளர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மாமியார் வேறு அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். அதன் பிறகு, ஓர் ஈதர் தயாரித்துக் காட்டினால்தான் வேலை நிரந்தரம் என்று அவனிடம் சொல்லி, மூன்றாம்நிலை பியூட்டைல் குளோரைடையும் சோடியம் மெத்தாக்சைடையும் கொடுத்தேன். இந்த ஜோடியில் ஈதர் வராது. குளோரைடு பருத்த மூலக்கூறு. மெத்தாக்சைடு பின்பக்கமாக வந்து கார்பனில் ஒட்ட இடமில்லாமல் ஓரத்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், மிஞ்சுவது வாயுதான், இதற்கு எலிமினேஷன் என்று பெயர். இரண்டையும் இடம் மாற்றி, பருத்ததை ஆல்காக்சைடாகவும் மெத்திலை ஹாலைடாகவும் போட்டால் ஈதர் ஒழுங்காக வரும். இது கல்லூரிப் பாடம், அவனும் படித்தவன்தான்.

"அத்தான், இது எலிமினேஷன் ஆயிடாதா?" என்று கேட்டான்.

"புக்குல அப்படித்தான் போட்டிருப்பான். நான் எத்தனை தடவ எடுத்திருக்கேன் தெரியுமா?" என்றேன். நம்பினான்.

அதன் பிறகு பலமுறை போட்டான், ஒவ்வொரு முறையும் வாயு குமிழிட்டுப் போனது, "போறது உன் ஈதர்தான்டா, உனக்குத்தான் பிடிக்கத் தெரியல" என்றேன், உடன் வேலை செய்பவர்கள் அவனுக்குக் 'காத்துக் கம்பெனி' என்று பெயர் வைத்தார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சாப்பிடும் இடத்தில் தலை குனிந்தே உட்கார்ந்திருப்பான். பார்க்க நன்றாக இருந்தது.

சம்பவத்தன்று குடுவையும் கையுமாக வந்து, "வாய இறுக்கி மூடி சூடு பண்ணா உள்ளயே நிக்குமா அத்தான்?" என்று கேட்டான். வாயு அடைபட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "பண்ணித்தான் பாரேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவன் இரண்டு கண்ணிலும் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது.

பார்வை இனி வராது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு உள்ளே போனேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவன் என் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரைக் கெடுத்துட்டேன் அத்தான். நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், எங்க தப்புப் பண்ணேன்னே தெரியல" என்றான்.

"அவசரப்பட்டுட்டடா" என்றேன்.

குடுவையை மூடியது அவன் கை, என் கை அல்ல. இவை அனைத்தும் எவருடைய மிரட்டலுமின்றி நானே சொன்ன உண்மைகள். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், மாற்ற ஒன்றுமில்லை. என் மைத்துனனுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)