ஒன்றேகால் கிலோ

கேமராவுக்கு டிரைபாட் வாங்குகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், மேடம். எடையைத்தான் பார்க்க வேண்டும். கடையில் தூக்கிப் பார்க்கும்போது இரண்டு கிலோ ஒன்றும் தெரியாது. மலையில் நாலு மணி நேரம் நடந்த பிறகு தோள்பட்டை சொல்லும்.

என் மனைவி சின்மயிக்கு வலது தோளில் வலி. இருபது வருடம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதி எழுதி வந்தது. அதனால்தான் நானே தேடினேன். மூன்று வாரம், ஐந்து கடைகள். கால்களில் மடிப்பு கூடினால் பைக்குள் அடங்கும், ஆனால் நுனிக்கால் குச்சியாக மெலிந்துவிடும். நடுத்தண்டை உயர்த்தினால் காற்றில் ஆடும். கடைசியில் கார்பன் ஃபைபரில் ஒன்று கிடைத்தது. ஒன்றேகால் கிலோ.

"ஜெய், என் ஹேண்ட்பேக்கே இதைவிட வெயிட்டு. நிஜமாவே எனக்கா?" என்றாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

சிட்லபாக்கம் ஏரியில் நாமக்கோழிகளைப் படம் எடுக்க ஆரம்பித்தவள், நாற்பத்தாறு வயதில் மலை ஏறினாள். சனிக்கிழமைகளில் நான் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிடுவாள். ஃப்ளாஸ்கில் காபி இருக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. சூடாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஏரிக்கரையில் எதிர்வீட்டு ஸ்ரீநிவாசராகவன் என்னை நண்பர்களுக்கு அறிமுகம் செய்தார். "இவர் ஜெயகிருஷ்ணன். சின்மயி மேடத்தோட ஆத்துக்காரர். ஏன் சார், நீங்க படமெல்லாம் எடுக்க மாட்டேளா? பையைத் தூக்கறதோட சரியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரியில் வால்பாறையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு அவளை அழைத்தது. ஒரு வருடம் காட்டிலேயே தங்கி இருவாச்சிப் பறவைகளைப் படம் எடுக்க வேண்டும். சொந்தக் கேமராவுடன் அடுத்த மாதம் சேர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ராஜினாமா எழுதி வைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

"நீங்களும் வாங்களேன். விஆர்எஸ் குடுத்துட்டு வந்து, அங்க உக்காந்து குறுக்கெழுத்து போடுங்க. யாரு வேணாங்கறா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லைதான்.

நான் கோபப்படவில்லை. கேமரா உடைந்தால் போதும், அழைப்பு வேறு யாருக்காவது போய்விடும், அவள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். நியாயமான ஏற்பாடாகவே தோன்றியது.

மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரச் சோதனை பார்க்கிறேன். ஒரு பொருள் எத்தனை எடையில் கைவிடும் என்று பார்ப்பதுதான் வேலை. அவள் வெளியே போய்வந்ததும் டிரைபாட்டைக் கழற்றி மண் துடைத்து மாட்டுவதும் நான்தான். காலை நீட்டி இறுக்குகிற திருகு வளையத்துக்குள் நகத்தளவில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவைதான் காலைக் கவ்விப் பிடிக்கின்றன. ஒரு காலில் ஒன்றை மட்டும் எடுத்தேன். மொட்டை மாடியில் அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு கிலோவுக்கு அசையாமல் நின்றது. மூன்றரைக் கிலோவுக்கு, ஐந்தாவது நிமிடத்தில் கால் நழுவியது. அவளுடைய கேமராவும் நீள லென்ஸும் சேர்ந்து மூன்றரை. மூன்று முறை சோதித்தேன், முடிவு மாறவில்லை. என் மேஜை டிராயரிலிருந்து நீங்கள் எடுத்துக் காட்டினீர்களே, அந்தத் துண்டுதான் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜவ்வாது மலையிலிருந்து பேசினாள். அந்தப் பாறை விளிம்பில் மட்டும்தான் சிக்னல் கிடைக்குமாம்.

"ஜெய், செம காத்து இங்க. ஒரு கால் லேசா இறங்கற மாதிரி இருக்கு. கழட்டிட்டுப் பின்னாடி போயிடட்டுமா?"

"எங்க நிக்கற?"

"விளிம்புலதான். பயந்துடாதீங்க, உக்காந்துதான் இருக்கேன். கீழ பள்ளம் பூரா பனி. நீங்க பாத்திருக்கணும்."

"வளையத்தை நல்லா இறுக்கு. ஒண்ணும் ஆகாது."

"இறுக்கிட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர்," என்று சிரித்தாள்.

கேமராவோடு அவளும் போய்விட்டாள். நூற்றைம்பது அடி. பள்ளத்திலிருந்து எடுத்தபோது கேமராவின் வார் அவள் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது, அறுத்துத்தான் எடுத்தோம் என்று நீங்கள் சொன்னீர்கள்.

கால் நழுவும்படி செய்தது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் கேமரா மட்டும் விழ வேண்டும் என்பதுதான் என் எண்ணம், மேடம். அவளுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று நினைத்தவன் நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். போனை வைக்கும் முன், வாரைக் கையில் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றிக்கொள் என்று அவளிடம் சொன்னேன். அதுவும் அக்கறையில் சொன்னதுதான்.