இன்னொரு சிக்னல்

தூமாஷ்: நகராதீங்க அண்ணி. இன்னொரு தடவை பாத்துக்கறேன்.

மெங்கியா: எத்தனை தடவைடா? காலு மரத்துப்போச்சு.

தூமாஷ்: என் கருவியோட திரையில ரெண்டு சிக்னல் காட்டுது. எதிர்ல நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்.

மெங்கியா: கிறிஸ்துமஸுக்கு நல்லா சாப்பிட்டேன். ரெண்டாளா தெரியறேன் போல.

தூமாஷ்: சிரிக்கிற நேரமில்ல...

மெங்கியா: ஃபோன் பாக்கெட்ல இருக்கு. அதுவா இருக்கும்.

தூமாஷ்: ஃபோன்னா எண் குதிக்கும், அம்பு ஆடும். இது அசையாம நிக்குது. பனியில புதைஞ்சவங்களைக் கண்டுபிடிக்கிற கருவி இன்னொண்ணு உங்ககிட்ட இருக்கு.

மெங்கியா: மார்ல கட்டியிருக்கேனே ஒண்ணு, அது போதாதா? கிளம்பு. ஐதா வந்துருவா. முதல் தடவையா மேல வர்றா, என் பொண்ணு ராத்திரி தூங்கவே இல்ல.

தூமாஷ்: அவ உள்ள கையுறை தேடிட்டிருக்கா. காலையில பனிச்சரிவு அறிக்கை பாத்தீங்கள்ல?

மெங்கியா: அபாயம் மூணாம் நிலை. அதனாலதானே செங்குத்து பக்கம் வேண்டாம், காட்டு வழியா போவோம்னு...

தூமாஷ்: காடு முடிஞ்சதும் அந்தப் பள்ளம் இருக்கே! அடியில பழைய பனி சர்க்கரை மாதிரி உதிரியா கிடக்கு. அது மேல காத்து புதுப் பனியைக் கொண்டுவந்து பலகையா அடுக்கி வச்சிருக்கு. ஒரு ஆள் மிதிச்சா...

மெங்கியா: தெரியும். ஒவ்வொருத்தரா தாண்டணும். எனக்குப் பாடம் எடுக்காத.

தூமாஷ்: சரி, ஒரு விளையாட்டு. ஐதாவோட கருவிய இங்க ஒரு இடத்துல பனியில புதைச்சிருக்கேன். கண்டுபிடிங்க.

மெங்கியா: இப்பவா?

தூமாஷ்: இப்பவே. உங்களோடது இப்போ சிக்னல் அனுப்பிட்டிருக்கு, அதைத் தேடுறதுக்கு மாத்துங்க. என்னோடதை அணைச்சுட்டேன்.

மெங்கியா: அம்பு இடது பக்கம்... இல்ல, பின்னால... என்னடா இது, நான் திரும்பினா அதுவும் திரும்புது!

தூமாஷ்: தூரம்?

மெங்கியா: அரை மீட்டர். என் கால்கிட்டயா புதைச்ச?

தூமாஷ்: நடந்து பாருங்க.

மெங்கியா: ...இப்பவும் அரை மீட்டர்தான்.

தூமாஷ்: எங்க போனாலும் அதேதான். எது ரொம்பக் கிட்ட இருக்கோ, அதைத்தான் அது முதல்ல காட்டும். நீங்க உங்க முதுகுல இருக்கிற பையையே தேடிட்டிருக்கீங்க.

மெங்கியா: பையில சாப்பாடுதான் இருக்கு.

தூமாஷ்: ஐதா அந்த விறகு அடுக்குக்குப் பின்னால புதைஞ்சு கிடக்கான்னு வச்சுக்கங்க. கால் மணி நேரத்துக்குள்ள தோண்டினா மூச்சோட எடுக்கலாம். தேடுங்க அண்ணி.

மெங்கியா: நிறுத்துடா.

தூமாஷ்: நிறுத்திட்டேன்.

மெங்கியா: ...வால்நட் கேக்குக்குக் கீழ இருக்கு. துணியில சுத்தி.

தூமாஷ்: யாரோடது?

மெங்கியா: தெரிஞ்சுட்டே கேக்குற.

தூமாஷ்: நீங்க சொல்லணும்.

மெங்கியா: உங்கண்ணனோடது. யாகனைத் தோண்டி எடுத்தப்போ அவர்கிட்ட மூச்சு இல்ல. இது மட்டும் துடிச்சிட்டே இருந்துச்சு. அத்தனை பேர் சுத்தி நின்னாங்க, ஒருத்தருக்கும் அதை அணைக்கத் தோணல. எனக்குக் கை வரல.

தூமாஷ்: அப்போலேர்ந்தா?

மெங்கியா: பேட்டரி தீர்றதுக்கு முன்னாலயே மாத்திடுவேன். ஐதாவுக்குத் தெரியாது.

தூமாஷ்: வீட்லயே வச்சிருக்கலாமே.

மெங்கியா: அவர் மலைக்கு வராம வீட்ல கிடந்து நீ பாத்திருக்கியா?

தூமாஷ்: ...இல்ல.

மெங்கியா: உள்ள கதவு சத்தம். வர்றா. பையைப் பிடி... இல்ல, நீ தொடாத. நானே எடுக்கறேன்.

தூமாஷ்: அவசரமில்ல அண்ணி.

மெங்கியா: சின்ன பொத்தான்தான். இவ்வளவு கனக்குது... அணைச்சுட்டேன். பாரு.

தூமாஷ்: இருங்க, என்னோடதைப் போடறேன்; ஐதாவோடதை நான் புதைக்கவே இல்ல, அது அணைஞ்சு என் பையில இருக்கு. உங்களோடதைத் திரும்ப அனுப்புறதுக்கு மாத்துங்க. ம்ம்... ஒண்ணு.

மெங்கியா: நிஜமாவா?

தூமாஷ்: இந்தத் தடவை நிஜமா.

மெங்கியா: இந்தத் தடவையா? அப்போ... இதுக்கு முன்னால?

தூமாஷ்: மூணு குளிர்காலமா ரெண்டுதான் காட்டுச்சு அண்ணி. ஒவ்வொரு தடவையும் ஒண்ணுன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, பள்ளத்துல முதல் ஆளா நான் இறங்கினேன். புதைஞ்சா நான்தானே, போகட்டும்னு இருந்துச்சு. அண்ணனும் கூட வர்ற மாதிரி எனக்கும் பிடிச்சிருந்துச்சு. இன்னிக்கு நம்ம கூட ஐதா வர்றா.