பரவால்லைங்கறதுக்கு இங்கிலீசு

டங்குனு ஒரு சத்தமுங்க டீச்சர். இன்னும் காதுலயே இருக்குது. என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கூட்டுக்காரரு காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுப்போட்டு டம்ளரைத் தட்டத்துல வெச்ச சத்தம். பொண்ணு புடிச்சிருக்குதான்னு எங்கப்பா கேட்டதுக்கு, பரவால்லைங்கன்னாரு. அவ்வளவுதான். எங்கப்பா அன்னிக்கே கல்யாணப் பந்தல்காரனுக்குச் சொல்லி உட்டுட்டாரு.

இல்லீங், சலிப்பாச் சொன்னதில்லீங்க. எங்க மல்லசமுத்திரத்துப் பக்கம் அதுதான் உச்சம். ஆசையை வெளிய காட்டுனா அலையறான்னு பேராயிரும். என்ற பருப்புக்கு நெய்யை ஊத்தி மூணு தரம் வாங்கிச் சாப்புட்டுப்போட்டு, திங்கலாம்னு சொல்லுவாரு. அன்னிக்கெல்லாம் எனக்கு மாலை போட்ட மாதிரி இருக்கும்.

எங்க பையன் இனியன் கனடாவுல கட்டிக்கிட்டானே, கிளேருன்னு, அந்தப் புள்ளைக்கு எதுக்கெடுத்தாலும் பைத்தியமுங்க. முருங்கக்கீரைன்னா கிரேஸியாம். என்ற சீலையைப் பாத்து ஓவர் த மூனாம். நெலாவுக்கு மேல எதுக்குப் போறான்னு இவரு கேட்டாரு. அவ்வளவு சந்தோசமுங்கப்பான்னான் இனியன். கீழயே இருந்து சந்தோசப்படக்கூடாதான்னாரு.

போன வருசம் அவளே போன் போட்டு இவருகிட்டக் கேட்டா, நாங்க லீவுக்கு வந்தா உங்களுக்கு ஆசைதானேன்னு. மேட்டூர்ல கம்பெனி உத்தியோகம் பாத்தவரு, இங்கிலீசு நல்லா வருமுங்க. அதுதான் வெனையாப் போச்சு. அவ வருவாள்னு அதுக்கு முன்னயே மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு, ஏசி மாட்டி, வெஸ்டர்ன் டாய்லெட் வெச்சு, அதுல தானே உக்காந்து ஆடுதான்னு பாத்தாச்சு. இத்தனையும் பண்ணிப்போட்டு போன்ல சொல்றாரு, நாட் பேட், இஃப் கன்வீனியன்ட், கம். எனக்கே வெக்கமாப் போச்சுங்க, மனுசன் இப்படிப் பட்டவர்த்தனமா ஆசையைச் சொல்லிட்டாரேன்னு.

மாமனாருக்கு இஷ்டமில்லை போலன்னு அந்தப் புள்ளை மெக்சிகோவுல கடல் பாக்கப் போயிட்டா. கோவமில்லீங், மரியாதையா ஒதுங்கிக்கிட்டா. இனியன் கேட்டப்பவும் இவரு, அவங்க சவுகரியம்னுட்டாரு. அப்புறம் மாடிக்குப் போயி ஏசி மேல ஒரு போர்வையைப் போத்தி உட்டுட்டு வந்தாரு.

வார ஞாயித்துக்கெழமை கிளேரு போன் போட்டு, லீவுக்கு வரட்டுமான்னு திரும்பக் கேக்கப்போறாளுங்க. அதுக்குத்தான் ராசிபுரத்துக்குப் பஸ் ஏறி உங்ககிட்ட வந்தது. லுக்கிங் பார்வர்டுங்களா? அது ஆபீசுக் கடுதாசி மாதிரி இருக்குது. டையிங் டு சீ யூ வேண்டாங்க, அதை உடுங்க. இன்னொண்ணு சொன்னீங்களே. கான்ட் வெயிட். இருங்க, சொல்லிப் பாக்கறேன். கான்ட் வெயிட். கூச்சமா இருக்குதுங்க, நடுத்தெருவுல நின்னு சொல்ற மாதிரி. இன்னொருக்காச் சொல்லிக் குடுங்க.

என்னங்க? அடுத்த வகுப்புக்கு அவரையும் கூட்டியாரதுங்களா?

அவரு தை மாசமே தவறிட்டாருங்க டீச்சர்.