மீனுக்குப் புதுப் பனியன்

பல்லடம் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு வந்தார். "எங்க ஊட்டு மீனுக்கு வாரம் ஒரு பனியன் வேணுமுங்க."

"மீனுக்கு எதுக்குங்க பனியன்?"

"செடி வெச்ச தொட்டிங்க. தண்ணி மேல எண்ணெயாட்டம் ஏடு கட்டிக்கும். பனியனை விரிச்சுப் போட்டு எடுத்தா, ஏடெல்லாம் அதுல ஒட்டிட்டு வந்துரும். எங்க முதலாளி ஊட்டுத் தொட்டிகூட அத்தனை பளிச்சுனு இருக்காதுங்க."

"கம்பெனி வேஸ்ட் துணி போதாதுங்களா?"

"அதுல மிஷின் ஆயில் இருக்குமுங்க. கலர் துணின்னா சாயம் எறங்கும். வெள்ளையில புதுசா எடுத்து, நல்லா அலசித்தான் போடோணும்."

அருள்புரத்தில் இறங்க எழுந்தார். திறந்திருந்த சட்டைக்குள் பனியன் கழுத்தோரம் கிழிந்து தொங்கியது.

"உங்க பனியன் கிழிஞ்சிருக்குதுங்களே?"

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்குள்ள என்ன மீனா இருக்குதுங்க?"